கல்லுக்குள் தேரையும் வாற்பேயின் சாட்சியமும்

கல்லுக்குள் தேரை என்பது நம்மவர் பேச்சிற் பழகிப்போன தொடர். கல்லினுள் அடைபட்ட தேரைக்கும் இரையூட்டும் இறைவனின் கருணையைப் புலப்படுத்தற்கே அது பெரிதும் எடுத்தாளப்படும். விலங்கியலாரும் கல்லுக்குள் தேரையைத் தேடுபவரே. ஆயின் அவர்கள் காணும் தேரை இரையை வேண்டி நிற்பதன்று. உறவுமுறை கூற அழைக்கப்பட்டு நிற்பது. தவளை இனங்கள் எந்த மூதாதையிலிருந்து, எவ்வழியாகத் தோன்றின என்னும் வினாவுக்கு உயிர்ச்சுவடுகள் சாட்சிகளாகக் கொள்ளப்படுகின்றன. அச்சாட்சிகள் தந்த விடைகளிலும் பார்க்க, விடைகள் பெறப்பட்ட முறையே இக்கட்டுரையின் பொருளாகும். சிறப்பாக, தலைப்பிரட்டை எனவும் வாற்பேத்தை எனவும் வழங்கப்படும் வாற்பேய் கூர்ப்பு வரலாற்றிற்குச் சாட்சியாக நிறுத்தப்படும்போது அதன் வாக்குமூலத்தை எவ்வாறு வாசித்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

நெடுங்காலமாக மாணவர் மனனம் செய்து வந்த வாய்பாடு ஒன்றுண்டு. வாற்பேய் மீனைப் போன்றது, செவுள்களாற் சுவாசிக்கின்றது, வாலால் நீந்துகின்றது, ஆகவே தவளையின் மூதாதை மீன் என்பதற்கு அதுவே சான்று. இவ்வாய்பாட்டின் ஊற்றுக்கண் 1866 இல் ஜேர்மனிய அறிஞர் ஏர்ணஸ்ற் ஹெக்கல் முன்வைத்த மறுநிகழ்வுக் கொள்கையாகும். ஓர் உயிரியின் முளைய வளர்ச்சியிலே அதன் மூதாதையர் வரிசை சுருக்கமாக மீண்டும் நிகழ்கின்றது என்பது அவர் கொள்கை. தரைவாழ் முள்ளந்தண்டுளிகள் மீன்களின் வழிவந்தவை என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் முடிபு சரியாக இருப்பதனாலேயே நியாயமும் சரியாகிவிடாது. பரீட்சை மேசையில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. ஆராய்ச்சியிலோ அதுவே எல்லாமாகின்றது.

ஹெக்கலின் கொள்கையை 1922 இல் ஆங்கில விலங்கியலாளர் வால்ற்றர் கார்ஸ்டாங் வன்மையாக மறுத்தார். தனியுயிரின் வளர்ச்சி கூர்ப்பு வரலாற்றைத் திருப்பிச் சொல்வதில்லை; வளர்ச்சியில் நிகழும் மாற்றங்களே அவ்வரலாற்றை ஆக்குகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். (குடம்பிகளைப் பற்றிச் செய்யுள்களும் இயற்றியவர் அவர். விஞ்ஞானமும் யாப்பும் ஒரே கையிற் பயின்றமை தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்காது.) குடம்பியும் உலகில் உண்டு வாழ்ந்து பகைக்குத் தப்பவேண்டிய ஓர் உயிரே. எனவே இயற்கைத் தேர்வு நிறைவுடலியை மாற்றுவது போன்றே குடம்பியையும் மாற்றும்.

வாற்பேயின் உடலைச் சற்று நின்று நோக்கின் இது தெளிவாகும். தலையும் உடலும் ஒன்றாய்த் திரண்ட உருண்டை. சுருள் சுருளாய் மடிந்த நீண்ட குடல். பெரும்பாலானவற்றில் முள்ளந்தண்டென்பு எதுவுமின்றி முதுகுநாணினாலேயே தாங்கப்படும் வால். பற்களுக்குப் பதிலாகக் கெரற்றினாலான அலகும் வரிசை வரிசையான நுண்பற்களும். தோல்மூடிய அறையினுள் அமைந்து, நீரிலுள்ள நுண்துகள்களைச் சீதத்தில் ஒட்டவைத்து வடித்தெடுக்கும் செவுட் சல்லடை. இவற்றுள் எது மீனுக்குரியது? மேலோட்டமான சாயலொன்றே மீனுடையது. உள்ளமைப்பு மீனுக்கும் உரியதன்று, தவளைக்கும் உரியதன்று, வாற்பேய்க்கே உரியது.

உயிர்ச்சுவடுகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் ஹெர்மன் கிறெட்னர் என்பார் சக்சனி நாட்டுப் பேர்மியன் காலப் பாறைகளிலிருந்து பிராங்கியோசோரஸ் எனும் சிற்றுருவ ஈரூடகவாழியின் எண்ணிறந்த மாதிரிகளைத் திரட்டி, சிறியது தொடங்கிப் பெரியது வரை வளர்ச்சி வரிசையாக அடுக்கிக் காட்டினார். அவற்றின் குடம்பிகள் தலையின் இருமருங்கும் இறகுபோன்ற வெளிச்செவுள்களைக் கொண்டவை. நீண்ட உடலும் மெய்யான பற்களும் உடையவை. இன்றைய சலமந்தரின் குடம்பியை அவை ஒத்தன. வாற்பேயை ஒருவாற்றானும் ஒத்தில. தவளைகளின் மூதாதையை இக்கூட்டத்தின் சுற்றத்தில் வைத்துத் தேடுவோரே இன்று பெரும்பான்மையினர். 2008 இல் விவரிக்கப்பட்ட, 290 மில்லியன் ஆண்டுப் பழைமையுடைய டெக்சாஸ் நாட்டு ஜெரோபற்றாக்கஸ் அத்தேடலுக்கு வலுவூட்டியது.

இலங்கையிற் சலமந்தர் இல்லை. எனினும் ஒப்புநோக்குதற்கு நமக்கு வேறொரு விலங்கு உண்டு. 1880களில் சரசின் சகோதரர் என அறியப்பட்ட போல் சரசினும் பிரிற்ஸ் சரசினும் (உண்மையில் அவர்கள் உடன்பிறந்தோர் அல்லர், உறவினரே) இந்நாட்டில் தங்கியிருந்து ஆராய்ந்த காலற்ற ஈரூடகவாழியான இக்தியோபிஸ் அது. அதன் குடம்பி விலாங்கு போன்ற நீளுடலுடையது. நிறைவுடலியை மிகவும் ஒத்தது. ஆக, இன்று வாழும் மூன்று ஈரூடகவாழிக் கூட்டங்களுள் இரண்டின் குடம்பிகள் தத்தம் நிறைவுடலிகளைப் போன்றிருக்க, தவளைக் கூட்டம் ஒன்றே வாற்பேயை உடையதாயிருக்கின்றது. ஆதலின் வாற்பேய் பழைமையின் எச்சமன்று. தவளை வழியில் தோன்றிய புதுமை என்றே கொள்ளல் வேண்டும்.

வளர்ச்சியையும் வரலாற்றையும் ஒன்றாய் மயங்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்குத் திரயடோபற்றாக்கஸ் பற்றிய விவாதம் நல்ல எடுத்துக்காட்டு. வட மடகஸ்காரில் கிடைத்த, ஏறத்தாழ 250 மில்லியன் ஆண்டுப் பழைமையுடைய ஒரேயொரு கல்லுருண்டையினுள் இவ்விலங்கின் பதிவு காணப்பட்டது. 1936 இல் பிரெஞ்சு அறிஞர் பிவ்தோ இதனைப் புரோற்றோபற்றாக்கஸ் எனப் பெயரிட்டு விவரித்தார். 1962 இல் இன்றைய பெயர் இடப்பட்டது. தலையோடு தவளையினது. இடுப்பென்பும் தவளைக்குரியவாறு முன்னோக்கி நீண்டுள்ளது. ஆனால் இடுப்புக்கு முன்னே பதினான்கு அளவிலான முள்ளந்தண்டென்புகள் உள்ளன. இன்றைய தவளைகளில் அவை ஒன்பதுக்கு மேற்படுவதில்லை. சிறிய வாலும் உண்டு. முன்கையின் ஈரென்புகளும் இன்றைய தவளையிற் போல ஒன்றிணையாது தனித்தனியே உள்ளன.

இதனைத் தவளைக்கும் அதன் மூதாதைக்கும் இடைப்பட்ட வடிவமெனப் பலர் கொண்டாடினர். 1956 இல் கிறிபித்ஸ் ஒரு சங்கடமான வினாவை எழுப்பினார். இவ்விலங்கு உருமாற்றத்தின் நடுவே இறந்துபோன இளந்தவளையாக ஏன் இருக்கலாகாது? அவ்வாறாயின் ஒன்றிணையாத என்புகளும் எஞ்சியிருக்கும் வாலும் மூதாதைக்குரிய பண்புகள் ஆகமாட்டா. முதிர்ச்சியின்மையின் அடையாளங்களே ஆகும். வினா பிழையான விடைக்கு இட்டுச் சென்றதாயினும், அது கேட்கப்படவேண்டிய வினா என்பதே எமது கருத்து. இடைநிலை என்ற சொல்லுக்கு வரலாற்றில் ஒரு பொருளும் வளர்ச்சியில் வேறொரு பொருளும் உண்டு என்பதை அவர் நினைவூட்டினார். விடையோ எலும்பிலேயே இருந்தது. வாற்பேயின் வாலில் வழக்கமாக முள்ளந்தண்டென்பு இல்லை. திரயடோபற்றாக்கசின் வாலிலோ உண்டு. உருமாறும் இளந்தவளையின் வன்கூடு பெரிதும் கசியிழையமாயிருக்கும். இதுவோ நன்கு என்புற்றது. 1989 இல் ராஜ், ரொச்செக் ஆகியோர் செய்த மறு ஆய்வு இதனை நிறைவுடலி நோக்கியே வைத்தது. 1998 இல் போலந்திலிருந்து விவரிக்கப்பட்ட சற்கோபற்றாக்கஸ் எனும் மற்றொரு திரயாசிக் கால விலங்கு, ஒற்றை மாதிரியின் தனிமையையும் நீக்கிற்று.

இனி, வாற்பேயையே உறவின் அளவுகோலாக்கிய முயற்சியை நோக்குவோம். 1953 இலும் 1957 இலும் வெளியிட்ட கட்டுரைகளில் அமெரிக்க விலங்கியலாளரான கிறேஸ் ஓட்டன் அம்மையார் உலகின் வாற்பேய்களை நான்கு வகையாகப் பகுத்தார். ஆபிரிக்காவின் செனோப்பஸ் முதலியவற்றின் வாற்பேய்கள் முதலாம் வகை. இவற்றுக்கு அலகும் நுண்பற்களும் இல்லை. செவுளறை நீர் இருபுறத்தும் உள்ள இரு துளைகளால் வெளியேறும். மைக்ரோஹைலிடே எனும் குறுவாய்த் தவளைக் குடும்பத்தினது இரண்டாம் வகை. இதற்கும் அலகில்லை, நீர்த்துளை நடுவே ஒன்று மாத்திரம். மாரி பிறந்ததும் நமது உலர்வலயக் குளங்களில் கண்ணாடி போன்ற உடலோடு அசையாது மிதந்து நிற்கும் சிறு வாற்பேய்களைக் கண்டோர் இவ்வகையை அறிவர். வட அமெரிக்காவின் அஸ்கபஸ், ஐரோப்பாவின் டிஸ்கோகுளொசஸ் ஆகியவற்றுக்கு அலகு உண்டு, துளை நடுவே. இது மூன்றாம் வகை. நமது வயற்றவளை, வீட்டுத் தேரை உட்பட எஞ்சிய பெரும்பான்மை நான்காம் வகை: அலகு உண்டு, துளை இடப்புறத்தே.

இப்பகுப்பு இன்றும் விவரணைக்குப் பயன்படுகின்றது. நிறைவுடலியின் எலும்பையே கட்டியழுத பாகுபாட்டியலுக்குள் குடம்பியையும் கொண்டுவந்து நிறுத்தியது அவரது பெருந்தொண்டு. இடர்ப்பாடு அடுத்த படியிலேயே எழுந்தது. அலகில்லாதது எளிமையானது; எளிமையானது முந்தியது; ஆதலின் முதலாம் வகையே ஆதி வாற்பேய் என அவர் கொண்டார். 1973 இல் பிரிசில்லா ஸ்ராற்றற் இதனை மேலும் வலியுறுத்தினார். இதன்படி செனோப்பசும் குறுவாய்த் தவளைகளும் தவளை மரத்தின் அடியிலே அமரவேண்டும். நிறைவுடலியின் எலும்புகளோ அஸ்கபசையும் நியூசிலாந்தின் லியோபெல்மாவையுமே அடியில் வைக்கச் சொல்கின்றன. குடம்பி ஒரு கதையும் நிறைவுடலி வேறொரு கதையும் கூறின.

இம்முரண்பாட்டின் உள்ளீட்டை விளங்கிக்கொள்வதற்குத் தமிழ் மாணவர் பிற துறைக்குச் செல்லவேண்டியதில்லை. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த மரபில் வந்தவர்கள் நாம். இரு ஏடுகள் ஒரே நல்ல பாடத்தைக் கொண்டிருத்தல் அவை ஒரு தாயேட்டின் பிள்ளைகள் என்பதற்குச் சான்றாகாது. மூலத்தில் இருந்ததை இரண்டும் காத்துவந்தன என்பதற்கு மேல் அதனாற் பெறப்படுவது யாதுமில்லை. ஒரே பிழையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்போதுதான் உறவு தெரியவருகின்றது. 1950 இல் ஜேர்மனிய அறிஞர் வில்லி ஹென்னிக் உயிரியலுக்கு வகுத்த விதியும் இதுவே. பகிர்ந்த பழைமை உறவைக் காட்டாது, பகிர்ந்த புதுமையே காட்டும். உயிர்ச்சுவடும் ஏட்டுச்சுவடியும் சொல்லளவிலன்றி முறையளவிலும் உடன்பிறந்தவை போலும். இவ்விதிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரியொன்றைத் தாண்டிவிடுதல் எந்த எழுத்தாளனுக்கும் நேரக்கூடியது. ஓரடி குறைந்த இரு ஏடுகள் அக்குறையாலேயே உடன்பிறப்புகள் ஆகிவிடா. குறைந்த ஏடே மூலத்துக்கு அண்மையது என்று கருதுவது அதனினும் பெரிய தவறு.

ஓட்டனின் வாதம் இவ்விரு குழியிலும் வீழ்ந்தது. அலகின்மை ஒரு குறைவு. குறைவு இரு வழிகளில் தனித்தனியே நேரலாம். 1975 இல் ஒட்டோ சோக்கல் வாற்பேய்களின் தாடைக் கசியிழையங்களையும் செவுளமைப்பையும் ஆராய்ந்து வரிசையையே தலைகீழாக்கினார். அலகுடைய மூன்றாம் வகையே ஆதி நிலைக்கு அண்மையது. முதலாம், இரண்டாம் வகைகள் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துண்ணும் வாழ்வுக்கேற்ப அலகை இழந்தவை என்பது அவர் முடிபு. 1984 இல் ரிச்சட் வசசக் மடகஸ்காரின் ஸ்கபியோபிரைனே எனும் குறுவாய்த் தவளையின் வாற்பேய் இரண்டாம் வகைக்கும் நான்காம் வகைக்கும் இடைப்பட்ட அமைப்புடையது எனக் காட்டியது சோக்கலுக்குத் துணையாயிற்று. பின்னர் மரபணு ஆய்வுகள் வந்தன. குறுவாய்த் தவளைகள் மரத்தின் அடியிலன்றி, வயற்றவளையின் சுற்றத்தாரோடு உச்சிக் கிளைகளில் அமர்ந்தன. செனோப்பஸ் கூட்டம் அவற்றினின்றும் வெகுதூரத்தே வேறொரு கிளையில் நின்றது. அஸ்கபசும் லியோபெல்மாவும் ஏனைய எல்லாவற்றினின்றும் முதலிற் பிரிந்தவையாக அடியிலேயே நின்றன. அலகின் இழப்பு ஒரு முறையன்று, பன்முறை நிகழ்ந்தது என்பது ஐயத்திற்கிடமின்றித் துணியப்பட்டது.

ஆயினும் ஓட்டன் கட்சியார் கையில் ஒரு கல் இருந்தது. 1978 இல் எஸ்ரஸ், ஸ்பினார், நெவோ ஆகிய மூவர் இஸ்ரேலின் முற்பட்ட கிறெற்றேசியஸ் காலப் படிவுகளிலிருந்து சொம்றொனெல்லா எனும் வாற்பேயை இருநூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளோடு விவரித்தனர். அது செனோப்பசின் சுற்றத்தைச் சார்ந்தது. இவ்வளவு தொகையான குடம்பிகள் கிடைத்தமையாற் பின்னர் 2002 இல் சிப்மன், செர்னோவ் ஆகியோர் அதன் வளர்ச்சிப் படிகளையே வரிசைப்படுத்த முடிந்தது. பொஹீமியாவின் பேலியோபற்றாக்கஸ் வாற்பேய்களை வைத்து ஸ்பினார் 1972 இலேயே இத்தகைய வரிசையைக் காட்டியிருந்தார். அவையும் இச்சுற்றத்துக்கு உரியனவே. அறியப்பட்ட மிகப் பழைய வாற்பேய் முதலாம் வகைச் சுற்றத்தது ஆதலின், முதலாம் வகையே ஆதியானது எனக் கூற இது இடந்தராதா?

தராது. சேற்றில் எது புதையும் என்பதை முதலிற் கேட்கவேண்டும். இச்சுற்றத்தார் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே கழிப்பவர். நிலையான ஏரிகளின் அடிச்சேற்றிலே இவற்றின் உடல் அமைதியாகப் படிந்து கல்லாகும் வாய்ப்பு மிகுதி. மலையருவியிற் பாறையைப் பற்றி வாழும் வாற்பேய்க்கோ, மழைக்குப் பின் இரு மாதத்தில் வற்றிவிடும் குட்டையில் வாழும் வாற்பேய்க்கோ அவ்வாய்ப்பு அரிது. கிடைத்தவற்றுள் மூத்தது, இருந்தவற்றுள் மூத்தது என்று ஆகாது. கறையான் தின்னாத ஏடு மூலவேடு என வாதிடுவாரை நாம் எவ்வாறு மதிப்போமோ அவ்வாறே இவ்வாதத்தையும் மதித்தல் தகும்.

இந்நிலையிற்றான் 2024 ஒக்ரோபர் இறுதியில் வெளிவந்த ஆர்ஜென்ரீனக் கண்டுபிடிப்பு முக்கியத்துவம் பெறுகின்றது. பற்றகோனியாவின் சாந்தகுரூஸ் மாகாணத்தில் 2020 ஜனவரியில் டைனோசர் எச்சங்களைத் தேடி அகழ்ந்த குழுவினருக்கு வாலோடு கூடிய பெரிய வாற்பேயொன்று கற்பலகையிற் கிடைத்தது. மரியானா சுலிவரும் அவருடன் உழைத்தோரும் அதனை நொற்றோபற்றாக்கசின் குடம்பி என நிறுவினர். 168 முதல் 161 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட மத்திய யுராசிக் காலத்தது. நீளம் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர். கண், நரம்பு ஆகிய மென்பகுதிகளின் தடயங்களும், எல்லாவற்றினும் மேலாகச் செவுள்களைத் தாங்கும் வன்கூடும் அதிற் பேணப்பட்டிருந்தன.

இதன் பெறுமதி வயதில் மட்டும் தங்கியதன்று. நொற்றோபற்றாக்கஸ் இன்றைய தவளைகள் யாவற்றுக்கும் பொதுவான மூதாதைக்கு வெளியே, அடிமரத்தின் பக்கக் கொப்பில் நிற்பது. ஓட்டனின் நான்கு வகையுள் எந்த வகையாரின் பிள்ளையும் அன்று. ஆகவே அதன் சாட்சியம் எக்கட்சியாருக்கும் உறவினரல்லாதவரின் சாட்சியம். அது கூறுவது யாது? வடித்துண்ணும் செவுள்வன்கூடு அன்றே முழுமையாக அமைந்திருந்தது. பிற்காலத்து வாற்பேயின் இயந்திரம் முற்றாகப் பூட்டப்பட்டிருந்தது. மீனுக்கும் வாற்பேய்க்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றைக் கல்லில் எதிர்பார்த்திருந்தோர்க்கு அது ஏமாற்றமே. பேர்மியன் காலத்துச் சலமந்தர்ப் பாணிக் குடம்பிக்கும் இதற்கும் இடையே வாற்பேய் தோன்றியிருக்கவேண்டும். அவ்விடைவெளி நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

அறிக்கையின் முடிபிலே தவளையின் ஈருருவ வாழ்க்கை வட்டம் 161 மில்லியன் ஆண்டுகளாக நிலைபேறுடையதாயிருந்தது எனக் கூறப்படுகின்றது. இவ்விடத்தில் எமக்கு ஓரளவு மறுப்புண்டு. நிலைபெற்றது திட்டமேயன்றி வாற்பேயன்று. வற்றும் குட்டையின் குறுகிய செழிப்பை விரைந்து உண்டு வளர்ந்து வெளியேறுவதற்கான ஒரு பருவமே வாற்பேய் என வசசக் 1975 இல் விளக்கினார். சலமந்தர்களுட் சில குடம்பி நிலையிலேயே இனம்பெருக்குவது போல எந்த வாற்பேயும் இனம்பெருக்குவதில்லை என்பதும் அவர் சுட்டியதே. அந்தத் திட்டத்துக்குள்ளே, பாசியை அரிப்பதும், நுண்ணுயிரை வடிப்பதும், தன்னினத்தையே விழுங்குவதும், அருவிப் பாறையில் உறிஞ்சியால் ஒட்டுவதுமாக வாற்பேய்கள் பல்கியுள்ளன. நிலைபேறு என்ற ஒரு சொல்லால் இப்பன்மையை மூடிவிடின், ஹெக்கல் காலத்து மாறாத குடம்பி பின்வாசலால் மீண்டும் நுழைந்துவிடும்.

அத்திட்டமே கைவிடப்பட்ட நாடொன்று உண்டெனின் அது நம் நாடே. இலங்கையின் மிகப் பெரிய தவளைச் சாதியான சூடோபிலோற்றஸ் எழுபதுக்கு மேற்பட்ட இனங்களை உடையது. அவற்றின் பெருக்கத்தை 2002 இல் மேகஸ்கும்புர முதலியோர் எடுத்துக்காட்டினர். இவற்றில் வாற்பேய்ப் பருவம் இல்லை. முட்டையிலிருந்து நேரே சிறு தவளை வெளிவருகின்றது. இவ்வினங்களின் உயிர்ச்சுவடுகளை நாளை ஒருவர் கண்டெடுத்தால், குடம்பி கிடைக்காமையை வைத்து அவர் என்ன முடிபுக்கு வருவார் என எண்ணிப் பார்த்தல் பயனுடையது.

அயலிலும் ஓர் எடுத்துக்காட்டு உளது. மும்பாயின் எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவுகளிற் கிடைத்த சிறு தவளையை 1847 இல் ரிச்சட் ஓவன் வயற்றவளைச் சாதியிற் சேர்த்தார். 1930 இல் நோபிள் அதனை இந்தோபற்றாக்கஸ் எனத் தனிச்சாதியாக்கி, அவுஸ்திரேலியத் தவளைகளோடு உறவுபடுத்தினார். நிறைவுடலியின் எலும்பும் சாயலால் ஏமாற்ற வல்லது என்பதற்கு இதுவே போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நாசிகாபற்றாக்கசின் கதையோ இதற்கு நேர்மாறானது. அருவிப் பாறைகளில் வாயால் ஒட்டி வாழும் அதன் வாற்பேயை 1918 அளவிலேயே அனன்டேலும் நாராயண ராவும் விவரித்துவிட்டனர். அஸ்கபசின் வாற்பேயும் அவ்வாறே ஒட்டி வாழ்வது. ஆயின் இவ்விரண்டும் தவளை மரத்தில் மிகத் தூரத்தே நிற்பவை. அருவியே இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தது. மண்ணுக்கடியில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் நிறைவுடலி 2003 இல் பீஜுவாலும் பொசுயிற்றாலும் விவரிக்கப்பட்டபோதே அதன் நெருங்கிய உறவினர் சீசெல்ஸ் தீவுகளில் வாழ்வது தெரியவந்தது. 2017 இல் தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கீழைச் சரிவிலிருந்து இச்சாதியின் இரண்டாம் இனம் விவரிக்கப்பட்டபோது, எலும்பும் மரபணுவும் வாற்பேயும் ஒருங்கே வைத்து எழுதப்பட்டன.